எந்த ஊர் ஸ்பானிஷ்?

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் ஒரு கால் சென்டரில், பதிவான அழைப்புகளைத் திரும்பக் கேட்டுத் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். போனை எடுத்துப் பேசுபவர்கள் எல்லோரும் கொலம்பியர்கள். அழைப்பவர்களோ மெக்சிகோ, சிலி, அர்ஜென்டினா, ஸ்பெயின் என்று நாலு பக்கமும் இருந்தார்கள். எல்லோருக்கும் தாய்மொழி ஸ்பானிஷ்தான். பேச்சு எந்த இடத்தில் சிக்கலாகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் பொறுப்பு.

ஸ்பானிஷ் நாட்டுக்கு நாடு மாறும் என்றதும் பலரும் பொருள்களின் பெயர்களைத்தான் அடுக்குவார்கள். ஸ்ட்ராவுக்கு மெக்சிகோவில் போபோதே, கொலம்பியாவில் பிதிய்யோ, ஸ்பெயினில் பஹீத்தா. அவகாடோ மெக்சிகோவில் அகுவகாத்தே, சிலியிலும் பெருவிலும் பால்தா. முதல் பெயர் மெக்சிகோவின் பூர்வகுடி மொழியான நாவாத்லிலிருந்து வந்தது, அடுத்தது ஆண்டிஸ் மலைப் பக்கத்துப் பூர்வகுடி மொழியான கெச்சுவாவிலிருந்து. கேட்க சுவையாக இருக்கும். ஆனால் வேலையில் இவற்றால் பெரிய தொல்லை வந்ததில்லை. தெரியாத சொல் காதில் விழுந்தால் யாரும் கேட்டுவிடுவார்கள், அதோடு தீர்ந்தது. நான் குறித்துவைத்த சிக்கல்களில் பெரும்பாலானவை, இரண்டு பக்கமும் ‘நமக்குத் தெரிந்த சொல்தானே’ என்று நினைத்த இடத்தில் வந்தவை.

‘ரெகலார்’ என்றால் பரிசாகக் கொடுப்பது. கொலம்பியாவில் அதுவே பணிவாகக் கேட்கும் முறையும்கூட. கடையில் போய், ‘எனக்கு ஒரு காபி பரிசளிக்கிறீர்களா?’ என்று கேட்டு வாங்கிவிட்டு, காசையும் கொடுத்துவிட்டு வருவார்கள். எங்கள் ஏஜென்ட்டுகளும் அதே பணிவோடு, ‘உங்கள் அடையாள எண்ணைப் பரிசளிக்கிறீர்களா?’ என்பார்கள். ஸ்பெயினிலிருந்து பேசுபவர் சட்டென்று மௌனமாகிவிடுவார். மன்னிப்புக் கேட்க கொலம்பியர்கள் சொல்லும் ‘கே பேனா கோன் உஸ்தெத்’ என்பதிலும் இதே கதை. ஸ்பெயின்காரருக்கு ‘பேனா’ என்றால் வருத்தம், பரிதாபம். தன்னைப் பார்த்து எதற்காகப் பரிதாபப்படுகிறார்கள் என்று அவருக்குப் புரியாது.

நேரத்தைக் குறிக்கும் சொற்கள்தான் உண்மையிலேயே ஆபத்தானவை. மெக்சிகோவில் ‘லுவேகோ லுவேகோ’ என்றால் உடனே, இந்த நிமிடமே. மற்ற பல இடங்களில் ‘லுவேகோ’ என்றால் பிறகு. தொழில்நுட்ப ஆள் உடனே வர வேண்டும் என்று மெக்சிகோக்காரர் கெஞ்சியிருக்கிறார், இங்கே அவசரமில்லை என்று பதிவாகியிருக்கிறது. சிலியில் உடனே என்பதற்கு ‘அல் தீரோ’ என்பார்கள். ‘தீரோ’ என்றால் துப்பாக்கிச் சூடு. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைக் கேட்டுத் தடுமாறினார்கள். ‘அஓரித்தா’ இன்னும் மோசம். ‘இப்போது’ என்ற சொல்லின் செல்ல வடிவம் அது. கொலம்பியாவிலும் மெக்சிகோவிலும் அது கொஞ்ச நேரம் கழித்து என்றும் ஆகலாம். அப்படிச் சொல்லிவிட்டு ஏஜென்ட் போனை வைத்தால், ஸ்பெயினில் ஒருவர் அழைப்பு இதோ வருகிறது என்று போனருகிலேயே காத்திருப்பார். அடுத்த அழைப்பில் அவருக்கு வரும் கோபம் முற்றிலும் நியாயமானது.

நிர்வாகம் இதற்குக் கண்ட தீர்வு ‘நடுநிலை ஸ்பானிஷ்’. எந்த நாட்டு வாடையும் இல்லாத வசனங்களை எழுதிக்கொடுத்து, அதைத் தாண்டிப் பேசக்கூடாது என்றார்கள். குழப்பம் குறைந்தது, உண்மைதான். ஆனால் பேச்சில் உயிரே இல்லை. ‘பரிசளிக்கிறீர்களா’ என்பதை எடுத்துவிட்டால் கொலம்பியருக்குக் கேட்கும் வாயே கட்டுப்பட்டுப் போகிறது, அவருடைய மரியாதை முழுக்க அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. பணிவுச் சொற்களில் கைவைக்காதீர்கள், நேரத்தையும் பணத்தையும் மட்டும் கறாராகச் சொல்லவைத்தால் போதும் என்று அறிக்கைக்கு மேல் அறிக்கையாக எழுதினேன். ‘அஓரித்தா’வுக்குப் பதில் மணியைச் சொல்லட்டும். மின்னஞ்சலில் 1.500 என்று எழுதினால் கொலம்பியாவில் ஆயிரத்து ஐந்நூறு, மெக்சிகோவில் ஒன்றரை. அதை எழுத்தாலும் எழுதட்டும் என்றேன். நேரம், பணம் வரையில் ஒப்புக்கொண்டார்கள். வசனத்தாளை எடுக்கச் சம்மதிக்கவில்லை. அது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஒருவரை விளிப்பது இன்னொரு பாடு. பொகோட்டாவில் தாய் தன் சிறு பிள்ளையைக்கூட ‘உஸ்தெத்’, அதாவது மரியாதையான ‘நீங்கள்’, என்பாள். கொங்குப் பக்கம் குழந்தையை ‘வாங்க, போங்க’ என்று கூப்பிடுவதைக் கேட்டவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. ஸ்பெயினிலோ ‘நீ’ என்று பொருள்படும் ‘தூ’ வெகு சாதாரணம், கடையிலும் அலுவலகத்திலும் அதுதான் புழங்குகிறது. ‘உஸ்தெத்’ என்றால் சிலருக்குத் தள்ளி நிறுத்தியதுபோல் இருக்கும்.

அர்ஜென்டினாவில் ‘நீ’ என்பதற்கு ‘வோஸ்’. எங்கள் குழுவில் கொலம்பியாவின் காலி என்ற நகரத்துக்காரர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பேச்சும் ‘வோஸ்’தான். தலைநகரில் அது எடுபடாது என்று அலுவலகத்தில் அடக்கிவைத்திருந்தார்கள். புவெனஸ் ஐரிஸ் அழைப்புகளில் மட்டும் அவர்களை அறியாமலே அது வெளியே வரும். மறுமுனையில் குரல் இளகி, ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று கேட்பார்கள். அர்ஜென்டினா அழைப்புகளை இவர்களுக்கே கொடுங்கள், ‘வோஸ்’ஸைத் தடுக்காதீர்கள் என்று எழுதிக்கொடுத்தேன். அந்த ஒரு கோரிக்கைக்கு மேலாளர் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்.