13-ஆவது வளைவில் எரிந்த ஆயில் விளக்கு

வால்பாறை போய்விட்டு நேற்று இரவுதான் கோவை திரும்பினோம். எங்கே தங்கினோம், எவ்வளவு செலவு, எதைப் பார்க்கலாம் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கண்ணை மூடினால் கார் டேஷ்போர்டில் எரிந்த அந்தச் சிவப்பு ஆயில் கேன் விளக்கு, அதாவது ஆயில் அழுத்த எச்சரிக்கை விளக்குதான் தெரிகிறது. அதனால் முதலில் அது.

பொள்ளாச்சி வரை சொல்ல ஒன்றும் இல்லை. ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால் மலை. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். 9-ஆவது வளைவில், லோம்ஸ் காட்சி முனையில் நிறுத்தினோம். கீழே அணை முழுசாகத் தெரிந்தது. பாறை விளிம்பில் இரண்டு வரையாடுகள், ரோட்டில் நின்ற கூட்டத்தைச் சட்டையே செய்யாமல் புல் மேய்ந்துகொண்டிருந்தன. மகள் அங்கிருந்து கிளம்பவே மாட்டேன் என்றாள்.

13-ஆவது வளைவில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தபோது டேஷ்போர்டில் சிவப்பாக ஏதோ மின்னி மறைந்தது. நேர் ரோட்டுக்கு வந்ததும் காணோம். அடுத்த வளைவில் மறுபடியும். "என்னங்க அது, சிவப்பா?" என்று மனைவி கேட்டாள். அகலமான, சமமான இடம் வந்ததும் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டேன்.

பலர் இங்கேதான் தப்புப் பண்ணுகிறார்கள். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டிவிடுகிறார்கள். அது சர்வீஸை ஞாபகப்படுத்தும் விளக்கு கிடையாது. ஆயில் அழுத்தம் ஏறக்குறைய அரை பாருக்கு (சுமார் 7 பி.எஸ்.ஐ.) கீழே இறங்கினால் எரியும். அப்போது பேரிங்குகளுக்கு ஆயில் ஒழுங்காகப் போகவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் சில நிமிடம் ஓட்டினாலே கிராங்க் பேரிங் தேய்ந்து இன்ஜின் சுற்றாமல் இறுகிவிடலாம். அப்புறம் ஆகிற செலவில் பத்துத் தடவை வால்பாறை போய்வரலாம்.

பத்து நிமிடம் கழித்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். கீழ்க்கோட்டை ஆயில் தொடவே இல்லை. கம்பியின் நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு துளி. வளைவில் மட்டும் ஏன் எரிந்தது என்று அப்போதுதான் புரிந்தது. வண்டி திரும்பும்போது சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருக்கிற கொஞ்ச ஆயிலும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறது. பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சுகிறது. நேரானதும் ஆயில் திரும்பி வந்துவிடுகிறது.

மேலே போய்க்கொண்டிருந்த ஜீப் ஒன்று நின்றது. டிரைவரிடம் ஒரு லிட்டர் டீசல் இன்ஜின் ஆயில், சீல் உடைக்காத கேன் இருந்தது. அச்சிட்ட விலை 480 ரூபாய். அவர் கேட்டது ஆயிரம்! "மலை மேல இதுதான் ரேட்டு சார்." பேசிப் பேசி 900-க்கு இறங்கினார். இரண்டு நாளைக்கு மொத்தமே 7,000 ரூபாய் என்று கணக்குப் போட்டு வந்தவனுக்கு அது வயிற்றெரிச்சல்தான். நடுக்காட்டில் குழந்தையோடு நிற்கிறவனிடம் இப்படி வாங்குவது அநியாயம் என்று இப்போதும் சொல்வேன். எங்கள் வண்டிக்கான கிரேடும் அது இல்லை, ஆனால் அவசரத்துக்குப் பரவாயில்லை. அரை லிட்டர் ஊற்றி, பார்த்து, மிச்சத்தையும் ஊற்றினேன். ஸ்டார்ட் செய்த இரண்டாவது நொடியில் விளக்கு அணைந்தது.

மிச்ச வளைவுகளில் எரியவே இல்லை. ஆனால் வால்பாறை டவுனுக்குள் நுழைந்து, இன்ஜின் நல்ல சூட்டில் ஐடிலிங்கில் நின்றபோது மறுபடி லேசாக மின்னியது. ஆக்சிலேட்டரைத் தொட்டால் அணைந்தது.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்து ஒரே ஒரு பார்வை. "ஆயில் பம்ப் போச்சு, இன்ஜின் இறக்கணும், 28,000 ஆகும்." அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்கவில்லை, ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. அழுத்தம் நிஜமாகவே இல்லையென்றால் இன்ஜின் தலையில் டக்டக் என்று தட்டும் சத்தம் வரும். எங்கள் வண்டி அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்துவிட்டோம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வயதான மெக்கானிக் கிடைத்தார். முதலில் இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் ஆயில் பிரஷர் ஸ்விட்சின் ஒயரைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. "ஒயரு பாடியில ஒரசலீங்க, அது நல்லாத்தான் இருக்குது" என்றார். கனெக்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். உள்ளே பித்தளை முனையைச் சுற்றி ஆயில் தேங்கி மினுமினுத்தது. ஸ்விட்சுக்குக் கீழே இன்ஜின் பிளாக்கில் தூசியும் ஆயிலும் சேர்ந்து விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கசிவுதான் இத்தனை மாதமாக ஆயிலைக் குடித்திருக்கிறது. சொட்டியதெல்லாம் வண்டியின் அடித்தட்டில் விழுந்ததால் வீட்டுத் தரையில் ஒரு கறைகூட இல்லை.

அப்புறம் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் கேஜைத் திருகினார். சூட்டோடு ஐடிலிங்கில் 18 பி.எஸ்.ஐ. நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு ஏற்றியதும் முள் 40-ஐத் தொட்டது. ஆயிரம் சுற்றுக்கு 10 இருந்தால் போதும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. "பம்ப்பு கல்லு மாதிரி இருக்குதுங்க சார், தைரியமா இருங்க." அந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

அழுத்தம் சரியாக இருந்தும் விளக்கு மின்னியதென்றால் கெட்டது ஸ்விட்ச்தான். புது ஸ்விட்ச் பொள்ளாச்சியில்தான் கிடைக்கும். போன் போட்டார், மறுநாள் காலை பஸ்ஸில் வந்துவிடும் என்றார்கள். அன்று ராத்திரி பக்கத்து மெஸ்ஸில் பரோட்டாவும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டோம். மிளகுக் காரம் மூக்கில் ஏறியது. மூன்று பேருக்கு 420 ரூபாய். இவ்வளவு நல்ல சாப்பாடு கோவையில் சாப்பிட்டு நாளாகிறது. காலையில் புதுத்தோட்டம் போய், மரத்துக்கு மரம் தாவிய சிங்கவால் குரங்குகளை ஒரு மணி நேரம் நின்று பார்த்தோம். சோலையாறு அணைக்குப் போக நேரமில்லை.

ஸ்விட்ச் 350, கூலி 300. பில்லைக் கையில் வாங்கியபோது அந்த 28,000-தான் ஞாபகம் வந்தது, கோபமும் வந்தது.

இறங்கும்போது 40 வளைவிலும் என் ஒரு கண் டேஷ்போர்டில்தான். ஆழியாற்றில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி பார்த்தேன். மேல்கோட்டுக்கு ஒரு விரல் கீழே, காலையில் இருந்த அதே இடம். மனைவியும் மகளும் அதற்குள் மீன் வறுவல் கடைக்குப் போய்விட்டிருந்தார்கள்.