பக்கச் சக்கரம் கழற்றிய பிறகு

ஏப்ரல் 5, சனி

பேரனுடைய சைக்கிளின் பின்னச்சில் மாட்டியிருந்த பக்கச் சக்கரங்கள் இரண்டையும் இன்று கழற்றினேன். அவனுக்கு ஐந்து வயது முடிந்து ஆறு நடக்கிறது. வேகமாகத்தான் ஓட்டுகிறான், ஆனால் அவன் இதுவரை ஓட்டியது சைக்கிளின் தோற்றம் கொண்ட ஒரு நான்கு சக்கர வண்டி. இரண்டு சக்கர வண்டி திரும்பும்போது வளைவின் உட்பக்கமாகச் சாய வேண்டும். பக்கச் சக்கரம் அதைச் சாயவிடுவதில்லை என்பதால், அதில் பழகும் குழந்தை உடம்பை வெளிப்பக்கமாக ஒதுக்கி உட்காரக் கற்றுக்கொள்கிறது. பின்னால் தேவைப்படப்போவதற்கு நேர்மாறான ஒன்று உடம்பில் நன்றாகப் பதிந்துவிடுகிறது.

மகனுக்கு நான் செய்தது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. “ஒரேயடியாகக் கழற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிப் பார்க்கலாமே, அப்பா” என்றான். பலரும் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் ஏற்றிவைத்த பக்கச் சக்கரத்தில் ஏதாவது ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போவதற்குத்தான் குழந்தைகள் பழகுகிறார்கள் என்பது நான் பார்த்த வரையில் தெரிந்தது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு: பின்னால் குனிந்து சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு என் முழங்கால்கள் இனி ஒப்புக்கொள்ளா. ஓடாமலே கற்றுக்கொடுக்கும் வழிதான் எனக்கு வேண்டும்.

அந்த வழி பெடல்களையும் கழற்றிவிடுவது. வலப்பக்கப் பெடல் சாதாரண மரை, இடப்பக்கப் பெடல் ரிவர்ஸ் மரை. மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுகொள்ளாமல் இருப்பதற்காக இப்படி வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் இடது பெடலை வழக்கம்போல் இடப்புறமாகத் திருகித் திருகி இன்னும் இறுக்கிவிடுபவர்கள் அநேகர். எந்தப் பக்கமானாலும் ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டிப் பின்சக்கரத்தை நோக்கித் திருப்பினால் பெடல் கழலும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பெரும்பாலான சைக்கிள்களுக்கு 15 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும்.

பக்கச் சக்கரத்தைக் கழற்ற அச்சு நட்டுகளைத் தளர்த்த வேண்டியிருந்ததால், பின்சக்கரம் நடுவில் நேராக நிற்கிறதா என்று பார்த்து, செயின் மிகவும் தொய்யாமலும் விறைக்காமலும் வைத்து, நட்டுகளைத் திரும்ப இறுக்கினேன். வண்டியை ஆட்டிப் பார்த்த பிறகே கீழே வைத்தேன். கடைசியாகச் சீட்டை, அவன் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் படியும் அளவுக்கு இறக்கினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

“பெடல் இல்லாத சைக்கிள் எல்லாம் ஒரு சைக்கிளா, தாத்தா?” என்று கேட்டு, ஏறவே மாட்டேன் என்று நின்றுவிட்டான். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்களோ என்ற கவலை அவனுக்கு. உலகத்தின் முதல் சைக்கிளுக்கும் பெடல் கிடையாது என்று சொன்னேன். ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் 1817 ஜூன் மாதத்தில் மான்ஹைம் நகரிலிருந்து ஓட்டிச் சென்ற மர வண்டிக்கு இரண்டு சக்கரமும் ஒரு ஹேண்டிலும் உட்காரும் இடமும் மட்டுமே இருந்தன. காலால் தரையை உந்தித்தான் போனார். பெடல் வைத்த சைக்கிள்கள் பாரிஸில் பரவியது 1860களில். இரண்டு சக்கரத்தின் மேல் விழாமல் நிற்க மனிதன் கற்றுக்கொண்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத்தான் மிதிக்கக் கற்றுக்கொண்டான். பிள்ளைகளுக்கு மட்டும் இரண்டையும் ஒரே நாளில் திணிக்கிறோம். இவ்வளவையும் அவனிடம் சொல்லவில்லை. ஓட்டியவர் குழந்தையா பெரியவரா என்று கேட்டான். 32 வயதுப் பெரியவர் என்றதும் ஏறி உட்கார்ந்தான்.

இடம் தேர்ந்தெடுப்பதில் ஒரு வார்த்தை. விழுந்தால் வலிக்காது என்று புல்தரைக்கு அழைத்துப் போகிறார்கள். புல்லில் சக்கரம் எளிதாக உருளாது. உருளாத வண்டிக்கு வேகம் வராது. வேகம் இல்லாத வண்டி விழாமல் நிற்காது. வண்டிப் போக்குவரத்து இல்லாத, சமமான, கெட்டியான தரையே நல்லது. டயரில் அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்று இருக்க வேண்டும். ஹெல்மெட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நிற்க வேண்டும். பின்னுக்குத் தள்ளி நெற்றியைத் திறந்து வைத்தால், மாட்டியும் பயனில்லை.

இன்று உட்கார்ந்தபடியே நடந்தான், அவ்வளவுதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பள்ளி விட்டு வந்த பிறகு சிறிது நேரம். சலிப்பு முகத்தில் தெரிவதற்கு முன்பே நானே போதும் என்று சொல்லிவிட்டேன். இன்னும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் போகும் பிள்ளை மறுநாள் தானாக வரும். அழுதுகொண்டு போன பிள்ளையை இழுத்து வர வேண்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

நடை ஓட்டமாயிற்று. பாதங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தவன், இன்று இரண்டு காலாலும் ஓர் உந்து உந்திவிட்டுக் கால்களைத் தூக்கிக்கொள்கிறான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை; முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி இடப்பக்கம் சாயத் தொடங்கும்போது முன்சக்கரமும் இடப்பக்கம் இலேசாகத் திரும்புகிறது. அப்படித் திரும்புவதால் சக்கரங்கள் உடம்பின் பாரத்துக்கு அடியில் வந்து சேர்ந்து வண்டி நிமிர்கிறது. கொஞ்சம் அதிகமாக நிமிர்ந்து வலப்பக்கம் சாய்கிறது. உடனே சக்கரம் வலப்பக்கம் திரும்புகிறது. சாய்கிற பக்கமே திருப்ப வேண்டும் என்பதுதான் சைக்கிள் வித்தை முழுவதும். இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. விழும் பக்கத்துக்கு எதிராகத் திருப்பத்தான் புத்தி தூண்டும். கைகள் அந்தப் புத்தியைக் கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கின்றன.

இரவு மகன், சுழலும் சக்கரம் பம்பரம்போல் தன்னைத் தானே நிமிர்த்தி வைத்துக்கொள்வதால்தான் சைக்கிள் விழுவதில்லை என்று அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். வெகு காலமாகப் புழங்கும் விளக்கம்தான். ஆனால் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், முன்சக்கரத்தின் பக்கத்தில் இன்னொரு சக்கரத்தை எதிர்த்திசையில் சுழலவிட்டு அந்தப் பம்பர விளைவை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்து, அப்படியும் ஓட்ட முடிந்தது என்று 1970இல் எழுதினார். 2011இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், பம்பர விளைவும் இல்லாமல், முன்சக்கரம் ஹேண்டில் அச்சைப் பின்தொடர்ந்து இழுபடும் அமைப்பும் இல்லாமல் ஒரு சிறு வண்டியைச் செய்து, ஆள் இல்லாமலே உருட்டிவிட்டு, அது தானே நிமிர்ந்து ஓடுவதைக் காட்டினார்கள். சாயும் பக்கமாக முன்சக்கரம் திரும்ப வேண்டும். அது திரும்புவதற்குக் காரணம் பலவாக இருக்கலாம். நடை வேகத்தில் போகும் குழந்தையின் சின்னஞ்சிறு சக்கரத்தில் பம்பர விளைவு இருந்தும் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை.

இதிலிருந்து எனக்கு வேண்டியது ஒன்றே. ஹேண்டில் தாராளமாகத் திரும்ப வேண்டும் என்றால் அதைப் பெரியவர்கள் பிடிக்கக் கூடாது. பிள்ளைக்கு உதவுவதாக நினைத்து ஹேண்டிலின் நடுவில் ஒரு கை வைக்கிறோமே, அந்தக் கை விழாமல் இருப்பதற்கு இருக்கிற ஒரே கருவியைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

ஏப்ரல் 12, சனி

பிரேக். இதைப் பெரும்பாலானவர்கள் கடைசியில் சொல்லிக்கொடுக்கிறார்கள், அல்லது சொல்லிக்கொடுப்பதே இல்லை. பெடல் இல்லாத வண்டியில் பழகும் பிள்ளை செருப்பைத் தரையில் தேய்த்து நிற்கப் பழகிவிடும். பெடல் வந்ததும் கால்கள் அங்கே போய்விடுவதால் நிற்க வழி தெரியாமல் மிரளும். எனவே இன்று முழுவதும் அதுதான் விளையாட்டு: சாக்பீஸால் தரையில் ஒரு கோடு, உருண்டு வந்து, கால் வைக்காமல், கோட்டின் மேல் முன்சக்கரம் நிற்கும்படி பிரேக் பிடிக்க வேண்டும். பிரேக் லீவர் அவன் விரல்களுக்கு எட்டாமல் இருந்தது. லீவருக்கு அடியில் ஒரு சிறு திருகு இருக்கிறது. அதை உள்ளே திருகினால் லீவர் கைப்பிடிக்கு அருகில் வந்துவிடும். பல வீடுகளில் பிள்ளைகள் பிரேக் பிடிக்காததற்குக் காரணம் பயமோ மறதியோ அல்ல, விரல் எட்டாததுதான் என்று நினைக்கிறேன். இரண்டு கையாலும் ஒரே அளவாக, மெல்ல அழுத்தச் சொன்னேன். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று இறுக்கினால் பின்சக்கரம் கிளம்பும் என்பதை, சைக்கிளைக் கையால் தள்ளிக்கொண்டு போய் அழுத்தச் சொல்லி, அவன் கண்ணாலேயே பார்க்க வைத்தேன்.

சற்றே சரிவான இடத்தில் உருட்டிவிட்டதும் காலைத் தூக்கியபடி வெகுதூரம் போய், திரும்பிப் பார்க்காமல் பிரேக் பிடித்து நின்றான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மழை. சைக்கிள் வெளியே வரவில்லை.

ஏப்ரல் 16, புதன்

பெடல்களைத் திரும்ப மாட்டினேன். மரையில் துளி கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருகினேன். விரலுக்கு இறங்காத பெடலை ஸ்பேனர் போட்டு ஏற்றினால், பெடல் மாட்டும் தண்டான கிராங்கின் மரை கெட்டுவிடும்.

கிளம்புவதுதான் கடினமான இடம், ஏனென்றால் வேகம் இல்லாத வேளையில் அது நடக்கிறது. ஒரு கால் தரையில் இருக்க, மற்றக் காலின் பெடலைக் கடிகாரத்தில் இரண்டு மணிக்கு முள் நிற்கும் இடத்துக்குச் சற்று முன்பக்கமாக உயர்த்தி வைத்து, அதை ஒரே அழுத்தாக அழுத்தினால் கிடைக்கும் உந்துதலில் இரண்டாவது கால் பெடலைத் தேடிக்கொள்ளும். பெடல் அடியில் இருக்கும்போது மிதித்தால் வண்டி நகராது. இதற்கு மட்டும் நான் பக்கத்தில் நடந்தபடி அவன் அக்குளுக்குக் கீழே, முதுகோடு சேர்த்து, கையை இலேசாக வைத்துக்கொண்டேன். உடம்பைத் தாங்கலாம், வண்டியைப் பிடிக்கக் கூடாது. சீட்டைப் பிடித்தாலும் ஹேண்டிலைப் பிடித்ததற்குச் சமம்தான்: சாய்வைத் திருத்துவது பிடித்தவரின் கை, பிள்ளைக்குச் சாய்வு என்பதே தெரியாமல் போகிறது.

மாலையில் சீக்கிரம் வந்த மகனுக்கு இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பழக்கத்தில் ஓடிப் போய்ச் சீட்டைப் பிடித்துவிட்டான். “விடுங்கப்பா, நீங்க பிடிச்சா ஆடுது!” என்று பையன் கத்தினான். நான் சொன்ன விளக்கங்களைவிட அது மகனுக்கு நன்றாக உறைத்தது.

பிடித்திருக்கிறேன், பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கையை விட்டுவிடும் பெரியவர்களின் தந்திரத்தைப் பற்றியும் அப்போது பேச்சு வந்தது. என்னை அப்படித்தான் பழக்கினார்கள், மகனையும் அப்படித்தான். பல பிள்ளைகள் அதில் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஏமாற்றப்பட்டது தெரிந்த பிள்ளை அடுத்த முறை நாலு அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கும். தலை திரும்பிய பக்கம் தோள் திரும்பும், தோள் திரும்பிய பக்கம் ஹேண்டில் திரும்பும், வண்டி விழும். கை எடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு எடுத்தால் திரும்பிப் பார்க்கத் தேவையே இல்லை.

பெடல் வந்ததிலிருந்து கண் கால்களுக்கே போய்க்கொண்டிருந்தது. மகனை எதிரே தூரத்தில் நிற்க வைத்து, கையைத் தூக்கி விரல்களைக் காட்டச் சொன்னேன். “எத்தனை விரல்?” என்று அவன் கேட்க, “மூணு! இப்ப ரெண்டு!” என்று இவன் சொல்லிக்கொண்டே மிதித்தான். நான் கையை எடுக்கப்போவதாகச் சொன்னேன். அவன் காதில் அது விழுந்ததா என்பது சந்தேகம். முதலில் முன்சக்கரம் இரண்டு பக்கமும் அகலமாக ஆடியது; வேகம் கூடக் கூட அந்த ஆட்டம் குறுகி, மகனை நெருங்கும்போது ஏறத்தாழ நேர்கோட்டில் வந்துகொண்டிருந்தது. பிரேக்கும் பிடித்தான்.

ஏப்ரல் 19, சனி

விழுந்தான். திருப்பத்தில் அல்ல, நின்ற இடத்தில்: பிரேக் பிடித்த பிறகு காலை ஊன்ற மறந்து, வண்டியோடு அப்படியே சாய்ந்தான். உள்ளங்கையில் சிறு சிராய்ப்பு. கழுவித் துடைத்ததும் அவனே போய் வண்டியைத் தூக்கி நிறுத்தினான். நிற்பதற்குச் சற்று முன்பே எந்தக் காலை ஊன்றுவது என்று முடிவு செய்து அந்தப் பக்கம் இலேசாகச் சாயச் சொன்னேன்.

திருப்பங்களை எட்டு வடிவத்தில் பழகுகிறான். வலப்பக்கம் எளிதாக வருகிறது, இடப்பக்கம் இன்னும் பெரிய வட்டம் வேண்டியிருக்கிறது. இதில் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்ல கற்பித்தல். விமானம் செய்த ரைட் சகோதரர்கள் அதற்கு முன் சைக்கிள் தொழில் செய்தவர்கள். அவர்களில் மூத்தவரான வில்பர், இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று சைக்கிள் ஓட்டிகள் பலரைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஹேண்டிலை இடப்பக்கம் திருப்புவோம் என்றுதான் சொன்னார்களாம். உண்மையில் நாம் எல்லோரும் முதலில் மிகச் சிறிதளவு வலப்பக்கம் திருப்பி, அதனால் வண்டி இடப்பக்கம் சாய்ந்த பிறகே இடப்பக்கம் திருப்புகிறோம். வாழ்நாள் முழுவதும் ஓட்டியவர்களுக்கே தாம் செய்வது தெரியாதபோது, அதை ஆறு வயதுக்காரனுக்குச் சொல்லிக் குழப்புவானேன்? போக வேண்டிய இடத்தைப் பார் என்று மட்டும் சொல்கிறேன். கல்லைப் பார்த்தால் கல்லில்தான் போய் ஏறுகிறான்.

ஏப்ரல் 26, சனி

யாருடைய கையும் இல்லாமல் ஏறி, கிளம்பி, திரும்பி, நிற்கிறான். சீட்டை இன்று உயர்த்தினேன். பழகுவதற்காகத் தாழ்த்திய சீட்டை அப்படியே விட்டால், மிதிக்கும்போது முழங்கால் மார்பு வரை வந்து சீக்கிரமே களைப்பு தட்டும்; இப்போது நுனிக்கால்கள் மட்டும் தரையில் படுகின்றன, அது போதும். சீட்டுக் குழாயில் இதற்கு மேல் உயர்த்தக் கூடாது என்று காட்டும் கோடு வெளியே தெரியவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். பெடல்களை இன்னொரு முறை இறுக்கினேன்.

தெருவுக்கு எப்போது கூட்டிப் போகலாம் என்று மகன் கேட்கிறான். வண்டி ஓட்டத் தெரிவதும் தெருவில் போகத் தெரிவதும் வேறு வேறு. எதிரே வரும் காரின் வேகத்தையும் தூரத்தையும் இந்த வயதுப் பிள்ளைகளால் சரியாகக் கணிக்க முடியாது. அதற்கு எந்தப் பயிற்சியும் ஈடாகாது, வயதுதான் ஆக வேண்டும். அதுவரை மூடிய இடத்தில் செய்யக்கூடியவை இருக்கின்றன: வண்டி விலகாமல் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது, ஒரு கையை எடுத்துத் திரும்பும் பக்கத்தைக் காட்டுவது, யாராவது “நில்” என்றதும் நிற்பது. நாளை முதல் மகன் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவான். பையன் ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்து எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும்.