60 பாகையில் எடுத்த பீஎச்

"மிஸ், பாகு சூடா இருந்தா அசிட்டில வித்தியாசம் வருமா?" கோர்டியல் கலக்கும் அண்ணா கேட்டது இவ்வளவுதான். "சித்திரிக் அசிட்டில பெரிசா வராது அண்ணா" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சித்திரிக் அமிலத்தின் முதலாவது பீகேஏ, அதாவது அமிலம் ஐதரசன் அயனை விட்டு எவ்வளவு எளிதில் பிரிகிறது என்று காட்டும் எண், 25 பாகை செல்சியஸில் 3.13. பிரிகையடைய அது உறிஞ்சும் வெப்பம் மோலுக்கு ஏறத்தாழ 4 கிலோயூல்தான். 60 பாகைக்கு ஏற்றினாலும் பீகேஏ 0.1 கூட இறங்காது. வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலம் இன்னும் அழுத்தக்காரன், 4.76ஐ விட்டு அசைவதே அரிது. தூய நீரின் பீஎச்தான் சூட்டுக்கு ஆடும்: 25 பாகையில் 7.0, 100 பாகையில் 6.1. அமிலம் போட்ட பாகில் அந்த ஆட்டம் எடுபடாது.

அடுத்த ஷிஃப்டில் அவர் தாங்கியிலிருந்து சுடச்சுட எடுத்து அளந்தார். மீற்றர் பீஎச் 3.2 காட்டியது (எண் குறையக் குறைய அமிலம் கூட), போதுமென்று அமிலம் போடுவதை நிறுத்திவிட்டார். ஆறிய பின் அதே மாதிரி 3.6. "மாறாதெண்டு மிஸ்தானே சொன்னீங்க?"

மாறவில்லைதான். பொய் சொன்னது மீற்றர். பாகில் அமிழ்த்தும் மின்வாய், 7இலிருந்து தள்ளிப்போகும் ஒவ்வொரு பீஎச் அலகுக்கும் 25 பாகையில் 59.2 மில்லிவோல்ற் தரும், 60 பாகையில் 66.1. வெப்ப உணரி பழுதாகி, மீற்றர் 25இலேயே நின்றது. ஆறவிட்டு அளக்கச் சொல்லி எழுதி ஒட்டியிருந்ததும் அதற்காகத்தான். 7இலிருந்து 3.4 அலகு தள்ளியிருந்ததை அது 3.8 என்று கணக்கிட்டது. 0.4 சின்ன விஷயமில்லை. பாகு கெடாமல் இருக்கப் போடும் பென்சோவேற்று அமிலத்தில் பென்சோயிக் அமிலமாகும். அது பிரியாமல் இருந்தால்தான் மதுவத்தையும் பூஞ்சணத்தையும் அடக்கும், பீஎச் 3.2இல் 91 சதவீதம் பிரியாமல் இருக்கும், 3.6இல் 80தான்.

அவர் கேட்டது அமிலத்தையா, அளவீட்டையா? அமிலத்தைத்தான். கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஆனால் தாங்கியடியில் நிற்பவர் அதை வேறு எதற்குக் கேட்பார்? இதே கேள்வியைப் பென்சோவேற்றைப் பற்றிக் கேட்டிருந்தால் பதிலே தலைகீழ்: பென்சோயிக் அமிலம் லீற்றருக்கு 25 பாகையில் 3.4 கிராம்தான் கரையும், கொதிநீரில் 50ஐத் தாண்டும். அமிலம் போட்ட ஆறிய பாகில் பென்சோவேற்றுக் கரைசலை ஊற்றினால் வெள்ளைத் துகள் மிதப்பது அதனால்தான்.

இப்போது உணரி மாற்றியாயிற்று. என்றாலும் பீக்கரை மூடி, தண்ணீரில் வைத்து, கொழும்பின் அறைச்சூடான 30 பாகைக்கு ஆறவிட்டு, அதே சூட்டிலுள்ள பஃபரில் (பீஎச் தெரிந்த கரைசல்) மீற்றரைச் சரிபார்த்த பிறகே அளக்கிறோம். புதிதாக வரும் பொடியன்களுக்கு அண்ணா சொல்லிக்கொடுக்கிறார்: "சூட்டில அசிட் மாறும், ஆறவிட்டு எடு." காரணம் பிழை, செய்கிற வேலை சரி. நான் இன்னும் திருத்தவில்லை.