தேர்ச்சிப் பட்டியலும் சேர்க்கைப் பதிவேடும்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுக்கும்போதே எனக்கு மனம் கனத்துவிடும். விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். மார்கழி வரை தவறாமல் வந்துகொண்டிருந்த இருளர் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகளில் சிலர், பெற்றோர் மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்தைக் கழிப்பதற்காகச் செங்கல் சூளைக்குக் கல் அறுக்கப் புறப்படும்போது, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அவர்களோடே போய்விடுகிறார்கள். சூளை வேலை ஓய்ந்த பிறகுதான் திரும்புவார்கள். ஏப்ரலில் நடக்கும் ஆண்டிறுதித் தேர்வின் பட்டியலில் அவர்கள் பெயருக்கு நேரே வெற்றிடம் இருக்கும். அல்லது, ஓரிரு நாள் அழைத்து வந்து எழுதவைத்ததில் கிடைத்த மிகக் குறைந்த மதிப்பெண் இருக்கும்.

அந்த மதிப்பெண்ணைப் பார்த்துப் பள்ளியின் தரத்தைச் சொல்லிவிட முடியும் என்று பலர் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. பிள்ளைகள் எந்த வீட்டிலிருந்து, எந்தெந்த மாதங்களில் பள்ளிக்கு வருகிறார்கள் என்பதைச் சேர்த்துப் படிக்காத தேர்ச்சிப் பட்டியல் பாதி உண்மையைத்தான் சொல்லும். நாங்கள் எமிஸ் என்று அழைக்கும் கல்வித் தகவல் மேலாண்மை முறைமையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சாதிப் பிரிவு, தாய்மொழி, பெற்றோர் தொழில், வருமானம், மாற்றுத்திறன் என எல்லாவற்றையும் பதிகிறோம். ஆனால், கூட்டங்களில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசும்போது அந்த விவரங்களை யாரும் பக்கத்தில் விரித்து வைப்பதில்லை.

பதிந்த விவரமும் முழுமையானதன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் பழங்குடியினர் 1.1 விழுக்காட்டினர். இவ்வளவு சிறிய பிரிவினருக்குச் சாதிச் சான்றிதழ் பெறுவதே பெரும்பாடு. மற்றவர்கள் வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடித்துக்கொள்ளும் வேலைக்குப் பழங்குடியினர் வருவாய்க் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். உறவினர் எவரிடமும் பழைய சான்று இல்லாத குடும்பம், கூலி வேலையை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். தலைமுறையில் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் பிள்ளையின் வீட்டில் பழைய ஆவணம் எங்கிருந்து கிடைக்கும்?

எண்ணிக்கை குறைந்த பள்ளியில் விழுக்காடு என்பதே தடுமாற்றமானது. எட்டுப் பேர் படிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை தேர்வு நாளில் காய்ச்சலில் படுத்தால் தேர்ச்சி 12.5 விழுக்காடு சரிந்துவிடும். அடுத்த ஆண்டு அந்த எட்டில் தேறாத இருவரின் இடத்தில் நன்றாகப் படிக்கும் இருவர் வந்தால் 25 விழுக்காடு உயர்ந்துவிடும். இரண்டுக்கும் ஆசிரியரின் உழைப்போடு பெரிய தொடர்பில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்க நிலையில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஆகவே எங்களைப் போன்ற ஈராசிரியர் பள்ளிகளில் ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டுக்கொள்கிறோம். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போகும் நாளில், ஐந்து வகுப்பும் ஒருவர் கையில்.

அதே 2009ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு ஒதுக்கி, கட்டணத்தை அரசே திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. அந்த இடத்தைப் பெறும் குடும்பத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், இணையத்தில் விண்ணப்பிக்கவும் வருமானச் சான்றிதழ் வாங்கவும் வேன் கட்டணம் கொடுக்கவும் இயன்ற ஏழை வீடுகள்தான் முதலில் நகர்கின்றன. எங்களிடம் எஞ்சுவோர் அதுவும் இயலாத வீட்டுப் பிள்ளைகள். இதைக் கணக்கில் கொள்ளாமல் இரு வகைப் பள்ளிகளின் மதிப்பெண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது அநீதி என்றே கருதுகிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். வீட்டு நிலைமையைச் சொல்லி, "இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும்" என்று ஆசிரியர்களே பேசக் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்கும்போது எனக்கு உடம்பு பதறுகிறது. பிள்ளை எங்கிருந்து தொடங்குகிறது என்பதை அறிவதற்கே பின்னணி விவரம் வேண்டும். எங்கே நின்றுவிடும் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதுவதற்கு அன்று. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்க 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் எனக்குப் பிடித்த கூறு இதுதான். வயதுக்குரிய வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் பிள்ளையின் உண்மையான நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று படிகளாகப் பிரித்து, அங்கிருந்தே பயிற்சி நூலைத் தொடங்குகிறோம். சூளையிலிருந்து திரும்பி வந்து மூன்றாம் வகுப்பில் உட்காரும் பிள்ளை, எழுத்துகளை மறந்துபோய் அரும்பு நிலையில் இருந்தால், அதை வெட்கமின்றி ஒப்புக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.

சாப்பாட்டையும் விட்டுவிட முடியாது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. அதற்கு முன்பு முதல் பாடவேளையில் சுவரில் சாய்ந்து கண் சொருகும் பிள்ளைகளுக்கு நான் வாசிப்புக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது ரவை உப்புமாவோ வெண்பொங்கலோ சாப்பிட்டுவிட்டு உட்காருகிறார்கள். அந்த முதல் பாடவேளை எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் இதற்கும் தனிக் கட்டம் கிடையாது.

ஆகவே, நானே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டேன். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். ஜூனில் எந்த நிலையில் வந்தது, எந்த மாதங்களில் ஊரில் இல்லை, திரும்பிய பிறகு எத்தனை வாரத்தில் பழைய இடத்தைப் பிடித்தது, வீட்டில் படிக்கத் தெரிந்தவர் உண்டா என்று எழுதிவருகிறேன். தைக்குப் பிறகு காணாமல்போய், ஜூலையில் தலை நிறையச் செம்புழுதியோடு வந்த சிறுமி ஒருத்தியின் பக்கத்தில், "தன் பெயரைத் தவிர எதையும் வாசிக்கவில்லை" என்று இருக்கிறது. அதே பக்கத்தின் அடியில், கார்த்திகை மாதத்தில் எழுதிய வரி: "கதைக் களத்தில் (வகுப்பறையின் கதை மூலையில்) நரிக் கதையை நிறுத்தாமல் வாசித்தாள், முடித்ததும் மறுபடியும் வாசிக்கட்டுமா என்று கேட்டாள்."

வரும் தையில் அவளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்லி, அவளுடைய அப்பாவிடம் இப்போதே பேசத் தொடங்கியிருக்கிறேன்.