வெறும் வாயை மெல்லும்போது

காசிமேடு, வண்ணாரப்பேட்டை பக்கமிருந்து வருகிற குடும்பங்கள் வெறும் வாயை ஓயாமல் மெல்வதை நோயாகச் சொல்வதில்லை. "எப்பப் பாத்தாலும் மாவா மென்னுகினே கீறாரு டாக்டர், நீங்களே கண்டிங்க" என்பார்கள். பல வருடமாக மனநோய்க்கு ஹாலோபெரிடால் மாத்திரையோ ஃப்ளூஃபெனசின் ஊசியோ எடுப்பவர் என்றால், கண்டிப்பதற்கு முன் வாயைக் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். மாவா (பாக்குப் புகையிலைக் கலவை), வெற்றிலை, பல்செட் எல்லாம் வெளியே வந்தபிறகும் தாடை அரைத்துக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் அது டார்டைவ் டிஸ்கைனீசியா, அதாவது மனநோய் மருந்தை நாள்பட எடுத்ததால் வரும், தானாக நடக்கும் அசைவு. அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம்.

கைப்பிடி இல்லாத நாற்காலியில், செருப்பைக் கழற்றி உட்கார வைப்போம். வாயைத் திறந்து நாக்கை நீட்டாமல் வைக்கச் சொன்னால், உள்ளே புழு நெளிவதுபோல் நெளியும். அடுத்து, கட்டைவிரலால் மற்ற நாலு விரலையும் வரிசையாக, 10 முதல் 15 விநாடி வேகமாகத் தொடச் சொல்வது. கவனம் விரலுக்குப் போனதும் வாயும் கால்விரலும் குட்டை உடைத்துவிடும். ஓபி கூட்டத்தில் முதலில் விடுபடுவது இந்தப் படிதான்.

பெரிய தவறு சீட்டில் நடக்கிறது. 'ஆட்டம்' என்று கேட்டதுமே, மனநோய் மருந்தின் பக்கவிளைவுக்குத் தரும் ட்ரைஹெக்சிபெனிடிலைக் கூட்டுவது. கைநடுக்கத்துக்கும் விறைப்புக்கும் அது கேட்கும். கழுத்து முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியாவுக்கும் உதவும். ஆனால் இந்த மெல்லலை அதிகமாக்கும். மனநோய் மருந்தால் வருடக்கணக்கில் அடைபட்ட, மூளையின் டோபமின் ஏற்பிகள் கூருணர்ச்சி பெற்றிருக்க, டோபமினுக்கு எதிராக இழுக்கும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தையும் இந்த மாத்திரை அமுக்குகிறது. ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை 2 மில்லிகிராம் வீதம் இறக்கலாம்.

மனநோய் மருந்தைக் கூட்டினால் அசைவு கொஞ்சநாள் மறையும், அவ்வளவுதான். சட்டென்று நிறுத்தினால் அசைவும் கூடும், பழைய நோயும் திரும்பும். மெதுவாக க்வெட்டியாபினுக்கோ க்ளோசபினுக்கோ மாற்றலாம். க்ளோசபின் என்றால், வெள்ளையணு குறைகிறதா என்று பார்க்க முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. கடலுக்குப் போய்ப் பத்து நாள் கழித்துக் கரையேறுகிறவருக்கு அது எப்படி ஒத்துவரும் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும்.

இந்த அசைவையே குறைக்கும் மருந்துகளான வால்பெனசின், டியூடெட்ராபெனசின் இரண்டுக்கும் 2017-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. இங்கே பழக்கம் அதே வகை டெட்ராபெனசின்: 25 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, காலையில். வாரத்துக்கு இன்னொரு பாதி கூட்டலாம். ஒரு வேளைக்கு 25-ஐத் தாண்டுவதில்லை. தற்கொலை எண்ணம் உள்ளவருக்குக் கூடாது.

டெட்ராபெனசின் தொடங்கியபின் "இப்ப அமைதியாயிட்டாரு" என்று வீட்டார் சந்தோஷமாக வந்தால், தூக்கம், சாப்பாடு, நடை, அழுகை நாலையும் விசாரித்துவிட்டுத்தான் சீட்டு எழுதுவது. அந்த அமைதி மனச்சோர்வாகவோ பார்க்கின்சன் விறைப்பாகவோ இருக்கலாம். அப்படியென்றால் அளவைக் குறைக்க வேண்டும்.