ஜி கம்பி கொஞ்சம் கீழே

ஜனவரி 6

அண்ணனின் கிட்டார் வந்து மூன்று நாளாகிறது. பெட்டியை இன்னும் திறக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். நடுவில் இவ்வளவு பெரிய மெத்தை இருந்தும் படுத்தால் முதுகில் உறுத்துகிறது.

ஜனவரி 7

டிரம்மர் கூப்பிட்டான். பிப்ரவரி கடைசியில் அண்ணன் நினைவாக ஒரு கச்சேரி வைக்கலாமாம், பழைய ஆட்கள் எல்லோரும் சேர்ந்து. அண்ணன் வாசித்த இடங்களை நான்தான் வாசிக்க வேண்டுமாம். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பேச்சு நடுவில் கிட்டார் பெட்டியைப் பற்றி, "கேஸ் எங்க இருக்கு?" என்று கேட்டான். என் காதில் "பேஸ்" என்று விழுந்தது. பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் வேலை மாறிப் போன கதையை ஐந்து நிமிடம் சொன்னேன். அவனும் ஐந்து நிமிடம் உம் கொட்டினான். அவன் காதில் என்ன விழுந்ததோ.

அப்புறம் போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டேன். இடதுதான் மோசம். மேடையில் டிரம்ஸ் எப்போதும் என் இடது பக்கம்.

ஜனவரி 8

ஆளாளுக்கு அண்ணனோடு எடுத்த படத்தைப் போட்டு "என் குரு" என்று எழுதுகிறார்கள். அதில் பாதிப் பேரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் பெடல்", "ஏய் நெட்டை", அவ்வளவுதான். குரு என்று எவனாவது அவர் எதிரில் சொல்லியிருந்தால் கேபிள் சுருட்ட அனுப்பியிருப்பார்.

என்னை அனுப்பினார். முதல் இரண்டு மாதம் கிட்டாரைத் தொடவே விடவில்லை. ரிகர்சல் முடிந்ததும் கேபிள் சுருட்டுவதுதான் பாடம். முழங்கையில் போட்டுச் சுற்றினால் உள்ளே இருக்கும் செம்பு இழைகள் முறுக்கேறி ஒரு நாள் அறுந்துபோகும். ஒரு சுற்று நேராக. அடுத்த சுற்றுக்கு மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கமாக. மாற்றி மாற்றி இப்படியே. ஒழுங்காகச் சுருட்டிய கேபிளை ஒரு முனையைப் பிடித்து வீசினால் முடிச்சு விழாமல் தரையில் ஒரே கோடாக ஓடும். வீசிப் பார்ப்பார். முடிச்சு விழுந்தால் திட்ட மாட்டார், எடுத்துத் திரும்ப என் கையில் கொடுப்பார். இன்றைக்கும் போன் சார்ஜரைக்கூட அப்படித்தான் சுருட்டுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஜனவரி 10

திறந்துவிட்டேன்.

வியர்வையும் துருவும் கலந்த அந்த வாசனை. கூடவே உள்ளறையில் கம்பியை மீட்டும் பிக் ஏழு, அதில் ஆறு தேய்ந்தவை. ஒரு அல்லன் சாவி. ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று. நாக்கில் வைத்துப் பார்த்தேன், செத்துவிட்டது. நாலாக மடித்த பாட்டு வரிசை, எந்த மேடைக்கு எழுதியது என்று தெரியவில்லை, ஐந்தாவது பாட்டை மட்டும் கோடு போட்டு அடித்திருக்கிறார். அப்புறம் ஒரு ஜோடி இயர்பிளக். மஞ்சள் ஸ்பாஞ்சு. பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை.

இயர்பிளக்.

"காதை அடைச்சுக்கிட்டு வாசிக்கிறதுக்குப் பதிலா வீட்ல படுத்துத் தூங்கலாமே" என்று சொன்ன மனுஷன்.

ஜனவரி 11

கம்பியை மாற்றுவதா, வேண்டாமா? நாள் முழுக்க இதே யோசனை.

அவர் கடைசியாகப் போட்ட கம்பிகள். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில், மூன்றாவது ஃப்ரெட்டிலிருந்து ஐந்தாவது வரை கறுத்துக் கிடக்கின்றன, அவர் விரல் அதிகம் உட்கார்ந்த இடம். தடவினால் நகத்தில் துரு ஒட்டுகிறது. தட்டினால் மரக்கட்டைச் சத்தம். அவர் இருந்திருந்தால் "செத்த கம்பியை வெச்சுக்கிட்டு என்னடா பண்றே" என்று பிடுங்கியிருப்பார். எனக்குத் தெரியும். ஆனால் அது அவருடைய வியர்வை.

கழற்றினால் ஒரேயடியாகவும் கழற்ற முடியாது. இது பத்து-நாற்பத்தாறு செட், அதாவது மெல்லிய கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு, தடித்தது நாற்பத்தாறு. ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ இழுவை. அந்த இழுவைக்கு எதிராகக் கழுத்துக்குள்ளே ஒரு இரும்புத் தண்டு முறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. மொத்தக் கம்பியையும் எடுத்துவிட்டால் அது ஜெயித்துவிடும், கழுத்து பின்னால் வளையும். "ஒண்ணைக் கழட்டு, ஒண்ணை மாட்டு, அப்புறம்தான் அடுத்தது" என்பார். ஆக, ஒரே முடிவை ஆறு தடவை எடுக்க வேண்டும்.

பெட்டியை மூடிவிட்டேன்.

ஜனவரி 13

செத்த கம்பியிலேயே ஒரு மணி நேரம் வாசித்தேன். விரல் நுனி எரிகிறது. நாலு வருஷமாகத் தொடாததற்குத் தண்டனை. முன்பு கொப்புளத்தைக் காட்டி அழுதபோது பிளாக் சாபத் கிட்டார்காரர் டோனி ஐயோமி கதையைச் சொல்லி என் வாயை அடைத்தார்: பதினேழு வயது, தொழிற்சாலையில் கடைசி நாள், இயந்திரத்தில் இரண்டு விரல் நுனி போனது, அந்த ஆள் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தான் என்று. "உனக்கு நுனி இருக்குல்ல?"

ஜனவரி 14

சுருதி சேர்க்கும்போதுதான் ஜி கம்பி ஞாபகம் வந்தது.

அண்ணன் மூன்றாவது கம்பியை, அதாவது ஜியை, டியூனர் காட்டும் இடத்தில் நிறுத்த மாட்டார். ஒரு பொடி கீழே. ஈ மேஜர் கார்டு போடும்போது அந்தக் கம்பியில் முதல் ஃப்ரெட்டை அழுத்துகிறோம். அந்தச் சுரம் சுத்தமான இசைவுக்கு 14 சென்ட் மேலேதான் நிற்கும். ஒரு அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் அதில் பதினாலு பங்கு. பன்னிரண்டு சுரத்தையும் சம இடைவெளியில் வைத்ததற்குக் கொடுக்கும் விலை அது. போதாததற்கு, சுற்று இல்லாத தடித்த கம்பி, முதல் ஃப்ரெட்டில் அழுத்தினாலே இன்னும் கொஞ்சம் ஏறும். அதனால் இறக்கி வைப்பார். ஈ மேஜர் அவர் கையில் மட்டும் கதவு மூடுவது மாதிரி கச்சிதமாக உட்காரும். சி கார்டில் அதே கம்பி திறந்து ஒலிக்கும்போது இறங்கிக் கேட்குமே என்று ஒரு தடவை கேட்டேன். "சி கொஞ்சம் அழும். அழட்டும்."

எவ்வளவு இறக்குவார்? கேட்டு வைக்கவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றிருக்கிறேன். இன்று காலையிலிருந்து ஏற்றி இறக்கிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் சரியாக இருப்பது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது.

ஜனவரி 15

விடிகாலை மூன்று மணி. ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

ஜனவரி 17

கணக்குப் போட்டேன். வாரம் இரண்டு ரிகர்சல், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், ஒன்பது வருஷம். 2,800 மணி நேரம். ஜன்னல் இல்லாத அந்த அறையில், ஒரு டிரம் செட், கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் இரண்டு, ஒரு பேஸ் ஆம்ப்.

85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாமாம். மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 என்றால் கால் மணி நேரம்தான். நாங்கள் 100க்குக் கீழே எப்போது வாசித்தோம்? பாடகன் போனில் பேசப் போன நேரத்திலா?

1976ல் தி ஹூ என்ற ராக் குழுவின் கச்சேரியில் 32 மீட்டர் தள்ளி நின்று அளந்தபோது 126 டெசிபல், கின்னஸில் ஏறியது என்று அண்ணன் எத்தனை தடவை சொல்லியிருப்பார். ஏதோ அவரே ஆம்ப் தூக்கிப் போனது மாதிரி. அதே குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தன் காது போன கதையை ஊரறியச் சொன்னவர். அதை மட்டும் அண்ணன் சொன்னதில்லை. 2016ல் ஏசி/டிசி குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன், இதற்கு மேல் பாடினால் முழுசாகக் காது போய்விடும் என்று டாக்டர்கள் சொன்னதால் பயணத்தைப் பாதியில் விட்டார். அந்தச் செய்தியை நான் அனுப்பினேன். பதிலுக்குக் கட்டை விரல் படம் ஒன்று வந்தது.

கேட்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். எனக்குப் பதினெட்டு வயது. அவருக்கு முப்பத்தைந்து. தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

ஜனவரி 18

நேற்று எழுதியதை அழிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜனவரி 21

அண்ணியைப் பார்க்கப் போனேன். ஆம்பையும் எடுத்துப் போகச் சொல்கிறார். இரண்டு பேர் தூக்க வேண்டும் என்றேன். பேச்சு எங்கெங்கோ போய், நான் என் காது விஷயத்தைச் சொன்னேன், வரும் 28ஆம் தேதி பரிசோதனை என்று. அண்ணி கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணனுக்குக் காது சரியில்லைன்னு உங்க யாருக்குமே தெரியாதா? பத்து வருஷமா என் உதட்டைப் பார்த்துத்தானே பேசிக்கிட்டிருந்தார். நான் திரும்பி நின்னு பேசினா ஒண்ணும் புரியாது."

பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்தில் ஆறு வருஷம் அவரோடு ஒரே மேடையில் இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்றையே யோசித்தேன். சுருதி சேர்க்கும்போது கிட்டார் உடம்பில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் தாடையை அழுத்தி வைத்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு. பார்க்க என்னவோ தவம் மாதிரி இருக்கும். நாங்கள் எல்லோரும் அதைக் காப்பியடித்தோம். எங்களைப் பார்த்து அடுத்த குழுக்காரர்கள். அதுதான் எங்கள் வட்டாரத்து ஸ்டைல் என்று ஒரு பெயர்கூட இருந்தது. அவர் எலும்பு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். திறந்த ஜி 196 ஹெர்ட்ஸ்தான். சத்தத்தால் போகும் காது அந்தக் கீழ்ப் பக்கத்தைக் கடைசி வரை விட்டுவைக்கும். மேலே இருக்கும் ஸ, ஃப, த எல்லாம்தான் முதலில் போகும். பேச்சு போகும், சுருதி நிற்கும்.

நாங்கள் ஸ்டைல் என்று நினைத்தோம்.

ஜனவரி 22

அந்த இயர்பிளக் பாக்கெட்டை எப்போது வாங்கியிருப்பார்? யாருக்கு?

ஜனவரி 24

அண்ணி கொடுத்த பையில் பதினோரு கேசட். நாலு தனித்தனி ஒலித் தடங்களைப் பதியும் நாலு டிராக் கருவியில் பதிந்தவை. சாதாரண டெக்கில் போட்டேன். இரண்டு டிராக்தான் வருகிறது, அதுவும் பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி கீழே. ஏதோ யானை கிட்டார் வாசிப்பது போல. திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னோக்கி ஓடுகின்றன. அந்தக் கருவி இரட்டை வேகத்தில், நாலு டிராக்கையும் ஒரே திசையில் பதியும். எல்லாம் தெரியும், இருந்தாலும் பின்னோக்கி அவர் இருமுவதைக் கேட்டதும் டெக்கை நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 25

மகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். வேகத்தை இரட்டிப்பாக்கினாள், பின்னோக்கி ஓடியதைத் திருப்பினாள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவர் ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார். டேப்பின் வேகம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. ஏறினால் ஆறும் சேர்ந்து ஏறும், கம்பிக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி மாறாது. அந்த ஜியை அளந்துவிடலாம்.

"அப்பா, இந்த ஸ்ஸ்னு வர்ற சத்தத்தை எடுத்துடவா?"

"எந்தச் சத்தம்?"

"டேப் சத்தம்பா. பின்னாடி முழுக்க ஓடுதே."

அதை என் காது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ இரண்டு இடத்தில் அழுத்தினாள். "போயிடுச்சு, இப்ப பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு."

எனக்கு ஒன்றும் போகவில்லை. "ஆமாம்மா, சுத்தமா இருக்கு" என்றேன்.

ஜனவரி 28

பரிசோதனை. கண்ணாடி வைத்த சின்ன அறை. காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அவ்வளவு நிசப்தத்தில் என் காதுக்குள்ளே ஓடுவதுதான் பெரிதாகக் கேட்டது. வராத சத்தத்துக்கெல்லாம் நாலைந்து தடவை அழுத்தியிருப்பேன். ஒரு கட்டத்தில் என்னை அறியாமல் தாடையை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம். இடது காதில் 55 டெசிபல் இழப்பு, வலதில் 40. அப்புறம் 8,000இல் மேலே ஏறுகிறது. வயசால் வருவதென்றால் சரிந்துகொண்டே போகுமாம். இப்படிப் பள்ளம் விழுந்து ஏறினால் பெரும்பாலும் சத்தத்தால் வந்ததாம். உள்காதில் இருக்கும் மயிரணுக்கள் செத்தால் திரும்ப முளைக்காது. "நீங்க ஏதாவது தொழிற்சாலையில வேலை பார்த்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 30

மகள் ஜியை அளந்து எழுதிக் கொடுத்தாள். எட்டு சென்ட் கீழே. பதினொன்று கீழே. ஒன்பது. அப்புறம் ஒரு பாட்டில் சுத்தமாகப் பூஜ்யம். இன்னொன்றிலும் பூஜ்யம். அவள் தப்பாக அளந்துவிட்டாள் என்று நினைத்து இரண்டாவது தடவை பார்க்கச் சொன்னேன். அதே பூஜ்யம்.

அந்த இரண்டு பாட்டையும் கேட்டேன். இரண்டும் சி மேஜர்.

அழட்டும் என்று சொன்ன மனுஷன்.

பிப்ரவரி 1

கச்சேரிக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். டிரம்மர் ஏதோ சொன்னான், புரியவில்லை, சந்தோஷமாகச் சொன்னான் என்று மட்டும் தெரிந்தது.

பிப்ரவரி 3

கம்பி மாற்றினேன். ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டி. மதியம் ஆரம்பித்தது இருட்டும்போதுதான் முடிந்தது. பழையதைச் சுருட்டிப் புதுக் கம்பி வந்த உறையிலேயே போட்டுப் பெட்டியின் உள்ளறையில் வைத்தேன், இயர்பிளக் பாக்கெட்டுக்குப் பக்கத்தில்.

பிப்ரவரி 5

ரிகர்சல். இரண்டாவது கிட்டாருக்கு ஒரு பையன் வந்திருக்கிறான், இருபது வயது இருக்கும். அண்ணனைப் பார்த்ததுகூட இல்லையாம். டியூனரை ஆம்ப் மேல் எரியவிட்டுவிட்டு, அதைப் பார்க்காமல், தாடையைக் கொம்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். "இப்படித்தானே சார் பண்ணுவாங்க?" என்றான்.

அவனுக்குக் காதில் ஒன்றுமில்லை. நான் புதிதாக வாங்கிய இயர்பிளக்கில் ஒரு ஜோடியை நீட்டினேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

பிப்ரவரி 8

ஆம்ப் இன்னும் அண்ணி வீட்டிலேயே இருக்கிறது. முதுகு வலி.

பிப்ரவரி 9

முதல் பாட்டு ஈ மேஜர். ஒன்பது சென்ட் இறக்கி வைத்திருந்தேன், டேப்பில் இருந்தபடி. நாலு வரி போவதற்குள் டிரம்மர் குச்சியைத் தூக்கி நிறுத்தினான். "டேய், இன்னும் கொஞ்சம் இறக்கு. அண்ணன் இதைவிடக் கீழ வெச்சிருப்பார்."

இவனுக்கு எப்படிக் கேட்டது?