சிலோன் மீன்

“சுங்கான்! சுங்கான்! தொடாதை!” என்று நான் கத்தினேன். பக்கத்தில் நின்ற பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான், சிரித்துக்கொண்டே தூண்டிலில் துள்ளிய மீனைக் கையால் அமுக்கிப் பிடித்தான். அடுத்த நொடி அவன் போட்ட அலறலில் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் எழுந்து ஓடி வந்துவிட்டார்கள்.

இது நடந்தது 1991-இல், சேரன்மகாதேவிக்குக் கொஞ்சம் கீழே, தாமிரபரணிக் கரையில். எனக்கு 13 வயது. முந்தின வருடம் இலங்கையில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு மன்னார்ப் பக்கமிருந்து படகேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில வாரம் கிடந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றித் திருநெல்வேலிச் சீமையில் ஒரு முகாமில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பத்துக்குப் பத்து அறை, கிலோ 57 பைசாவுக்கு அரிசி, குறிப்பிட்ட நாளில் ஆள் இருக்கிறோமா என்று எண்ணிப் பார்க்கிற ‘செக்கிங்’. சோறு கிடைத்தது, குழம்புக்குத்தான் வழியில்லை. அதனால் நான் ஆற்றுக்குப் போனேன்.

மீன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எங்கள் ஊர் மன்னாரில் கட்டுக்கரைக் குளத்துக்குப் பக்கம். அப்பா வயல் செய்தவர், ஆனால் வாய்க்கால் வற்றுகிற நாளில் சேற்றுக்குள் கைவிட்டு, விரலில் தட்டுவது என்ன மீன் என்று பார்க்காமலே சொல்வார். அவர் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே சுங்கானைத்தான். செதில் இல்லாத, வழவழவென்று கறுத்த மீன். செவுளுக்குப் பின்னால் இருக்கிற செட்டையில், அதாவது துடுப்பில், முள் ஒளிந்திருக்கும், அதில் விஷம். குத்தினால் கை தோள்வரை கடுக்கும். அதைத்தான் அந்தப் பையனிடம் நான் கத்திச் சொன்னேன். அவனுக்குச் சுங்கான் என்றால் என்னவென்றே தெரியவில்லை.

கரைமேல் வாழைத் தோட்டத்திலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும். மீனைப் பார்த்தார், பையன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏல, என்னல சொல்லிக் கத்துன?”

“சுங்கான் ஐயா.”

“சுங்கானா? இது தேளில்லா! தேளின்னு சொல்லியிருந்தா அவன் தொட்டிருப்பானா? ஒன் பாஷைல கத்துனா இவனுக்கு எப்படில வெளங்கும்?”

என் பாஷை! நான் தமிழில்தானே கத்தினேன். கடலைத் தாண்டி வந்தபோதுகூட இந்த நாட்டுக்கு வேறு பாஷை என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கேயும் தமிழ்தான், சமாளித்துவிடலாம் என்று அம்மாவும் அப்பாவும் மண்டபத்தில் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தேன். அன்றைக்குத்தான் உறைத்தது, பேச்சு ஒன்று, பெயர் வேறு. தேள் மாதிரி கொட்டுவதால் தேளி என்று நினைக்கிறேன். கேட்டவுடனே கையை இழுத்துக்கொள்ளலாம், நல்ல பெயர்.

அவர் பையனை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய், பாய்லரிலிருந்து வெந்நீர் பிடித்து, பொறுக்கிற சூட்டில் கையை முக்கி வைக்கச் சொன்னார். எங்கள் ஊரிலும் அதே வைத்தியம்தான். மீன் முள்ளின் விஷம் சூட்டுக்கு அடங்கும். அதில் மட்டும் இரண்டு ஊருக்கும் சண்டை இல்லை. அந்தப் பையன் ஒரு வாரம் என்னோடு கதைக்கவில்லை, அப்புறம் கதைத்தான். இன்றைக்கு நான் பெயின்ட் வேலைக்குப் போகிற இடங்களில் பாதி அவன் பிடித்துக் கொடுத்ததுதான்.

அந்த வாழைத்தோட்டத்துக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்றார்கள். நானும் ஐயாவை விட்டுவிட்டு அண்ணாச்சி என்று கூப்பிடப் பழகினேன். என்னை அவர் “ஏல சிலோன்” என்பார். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுச் சாயங்காலம் தூண்டிலோடு உட்காருவார். தூண்டில் கயிற்றை நான் தங்கூசி என்றால் அவர் நரம்பு என்பார். ஆமாம் என்பதற்கு நான் ஓம் என்றால், “என்னல மந்திரம் சொல்லுத?” என்பார்.

குளத்து மீன்காரனுக்கு ஆறு வேறு உலகம். இங்கேயும் குளம் உண்டு, ஆனால் மீன்பாசி குத்தகை எடுத்தவர் ஆள் வைத்து விரட்டுவார், அதனால் ஆறுதான் கதி. முதல் வருடத்தில் நான் பிடித்த மீனில் பாதிக்கு எனக்குப் பெயர் தெரியாது, மீதிப் பாதிக்கு நான் சொன்ன பெயர் இங்கே செல்லாது. நீளமாக, ஊசி மாதிரி வாயோடு ஒன்று மேல்தண்ணீரில் வந்தது. நான் முரல் என்றேன். முரல் கடல் மீன்தானே, ஆற்றில் எப்படி என்று எனக்கே குழப்பம். “கொக்கு மீன்ல” என்றார் அண்ணாச்சி. வாளை பிடித்தேன் என்று யாரோ சொன்னார்கள், வெள்ளி நாடா மாதிரி கடல் வாளையை நினைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், காதுவரை வாய் கிழிந்த, செதிலில்லாத ஒரு பூதம் கிடந்தது.

எந்த மீன் வந்தாலும் பெயர் கேட்டால் அண்ணாச்சி உடனே சொல்லமாட்டார். “மீசை எத்தன? எண்ணு” என்பார். மீசை கிடையாது, தலை பாம்பு மாதிரி, முதுகுச் செட்டை கழுத்திலிருந்து வால்வரை ஓடுகிறது என்றால் விரால் இனம். இரண்டு ஜோடி மீசை, பெரிய வாய் என்றால் ஆற்று வாளை. நாலு ஜோடி என்றால் அங்கேதான் நிதானிக்க வேண்டும், கெளுத்திக்கும் நாலு ஜோடி, தேளிக்கும் நாலு ஜோடி. கெளுத்திக்கு முதுகில் கூரான முள்ளோடு ஒரு செட்டை, அதற்குப் பின்னால் சதை மாதிரி இன்னொன்று. தேளிக்கு முதுகில் பேருக்கு ஒரு குட்டிச் செட்டை, அடிவயிற்றுச் செட்டை மட்டும் நீள நெடுக. இதை எண்ணி முடிக்கிறவரை கை மீனுக்குப் பக்கத்தில் போகக்கூடாது. பையன் கை வீங்கியது அவருக்கும் மறக்கவில்லை போல.

“நெறத்த மட்டும் நம்பாத” என்பதும் அவர் சொன்னதுதான். செத்த மீன் நிறம் மாறும், கலங்கல் தண்ணீரில் வளர்ந்தது வெளுக்கும், சினைப் பருவத்தில் ஆண் வேறு மாதிரி மின்னும். புள்ளியையும் கோட்டையும் நம்பலாம், அதுவும் ஓரளவுக்குத்தான். ஒருமுறை என்னை விட நீளமோ என்று தோன்றுகிற விரால் ஒன்று தவளைக்கு மாட்டியது. எங்கள் குளத்து விராலுக்குப் பக்கவாட்டில் அம்பு மாதிரி பட்டைகள் இருக்கும். இதற்கு வால் பிடிக்கிற இடத்தில் கண் வரைந்தது போல ஒரு வட்டம். பூவிரால் என்றார்கள். அதற்கு முன் நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குள் நடந்த நடை இருக்கிறதே, அன்றைக்குச் செக்கிங் நாளாக இருந்திருந்தால்கூட நான் நின்றிருக்கமாட்டேன்.

சரி, யப்பான் மீன் கதைக்கு வருகிறேன்.

வட்டமான உடம்பு, முதுகில் வரிசையாக முள், தொட்டால் குத்தும், தாய் மீனைத் தூக்கினால் வாய்க்குள்ளிருந்து குஞ்சுகள் கொட்டும். கட்டுக்கரைக் குளத்தில் நாங்கள் அதை யப்பான் மீன் என்போம். ஆற்றில் முதன்முதலாக அது மாட்டியபோது ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். அவர் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, “உவனும் வந்திட்டானோ” என்றார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அண்ணாச்சிக்கு அது ஜிலேபிக் கெண்டை, மதிப்பில்லாத மீன், “பூனைக்குப் போடுல.”

அம்மா பூனைக்குப் போடவில்லை. தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தாள். அடுத்த தெரு ஆச்சி ஒருத்தி, முகாம் பிள்ளைகள் மேல் பிரியமானவள், என்ன சமையல் என்று கேட்க, அம்மா வெள்ளந்தியாக “மீன் சொதி” என்றாள். ஆச்சி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இந்தச் சீமையில் சொதி என்பது சைவப் பிள்ளைமார் வீட்டுக் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு வைப்பது, காய்கறியும் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும். அதில் மீனா! அம்மாவுக்கு விஷயம் புரிய ஒரு மாதம் ஆயிற்று. அதற்கப்புறம் ஆச்சி கேட்டால் மட்டும் ‘பால்க்குழம்பு’ என்று சொல்லுவாள்.

அந்த மீனின் பூர்வீகம் எனக்குத் தெரிந்தது வெகு பின்னால், என் மகன் கல்லூரியில் விலங்கியல் படித்தபோது. அது ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் பக்கத்து மீனாம். 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்களாம், அங்கே அப்போது கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருந்தது. மகன் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், எனக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. நாங்கள் வந்த அதே வழி, எங்களுக்கு 38 வருடம் முந்தி. அதற்கு யாரும் செக்கிங் வைக்கவில்லை. எந்தக் குளத்திலும் அது உள்ளூர் மீன். எங்கள் முகாமுக்கு 2021-இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள், எனக்கு இன்னும் குடியுரிமை இல்லை.

மறுநாள் அண்ணாச்சியிடம் போய், “ஜிலேபி எங்கட மீன் அண்ணாச்சி, சிலோன்லேர்ந்து வந்தது” என்றேன். அவர் நம்பவே இல்லை. “நான் டவுசர் போட்ட காலத்துல இருந்து பாக்கேன், ஒன்னோட மீனா? போல” என்று துரத்தினார். அதற்கப்புறம் அது கேலியாகிவிட்டது. பெயர் தெரியாத மீன் எது வந்தாலும் “சிலோன் மீனா வே?” என்பார். எனக்கு மீசை நரைத்ததும் ‘ஏல’ போய் ‘வே’ வந்துவிட்டிருந்தது.

மகன் வேறு வகை. அண்ணாச்சி மீசையை எண்ணச் சொன்னால் இவன் ஃபோனை நீட்டுவான். ஃபோன் சொல்லுகிறது சில நேரம் சரி, பல நேரம் கூத்து. ஒரு குறவையைக் காட்டினால் அமெரிக்காவில் உள்ள ஏதோ மீன் என்றது. அவன்மேலும் தப்பு உண்டு, கையில் தொங்கவிட்டு மேலிருந்து படம் எடுத்தால் அது என்ன செய்யும். ஈரச் சாக்கில் பக்கவாட்டில் கிடத்தி, செட்டையை விரித்து, அளவு தெரியப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுக்கச் சொன்னேன், அப்புறம் பரவாயில்லை. ஜிலேபியிலேயே இரண்டு சாதி இருப்பதை அப்படித்தான் பிரித்தோம். வாலில் மேலிருந்து கீழாக வரிவரியாகக் கோடு இருந்தால் அது பண்ணைகளில் வளர்க்கிற நைல் ஜாதி. கோடு இல்லாதது பழைய ஆள், எங்கள் ஆள்.

இந்த ஆற்றின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிற மீன் ஒன்று உண்டு என்பதையும் அவன்தான் காட்டினான். சின்னக் கெண்டை, பக்கவாட்டில் கறுப்புத் திட்டுகள், ஆண் மீனுக்கு முதுகுச் செட்டை நூல் நூலாக நீண்டிருக்கும். 1954-இல் சைலஸ் என்ற விஞ்ஞானி அதற்குத் தாமிரபரணியை வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறார், வேறெங்கும் அது கிடையாது. நான் எத்தனையோ முறை அதைப் பிடித்து ‘கெண்டைப் பொடி’ என்று சட்டிக்குள் போட்டிருக்கிறேன். இப்போது மாட்டினால் விட்டுவிடுகிறேன். தாமிரபரணி என்பது எங்கள் தீவுக்கும் பழைய பெயர்களில் ஒன்று என்று முகாம் பள்ளியில் ஒரு வாத்தியார் சொல்லியிருந்தார். அதைச் சொன்னால் அண்ணாச்சி ஆற்றையும் எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறேன் என்பார், அதனால் சொல்லவில்லை.

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். அண்ணாச்சிக்கு இப்போது 75 தாண்டிவிட்டது, வாழை முழுக்க மண்ணோடு சாய்ந்து கிடந்தது. பார்க்கப் போனேன். தோட்டத்து ஓரம் தேங்கியிருந்த தண்ணீரில் ஏதோ அடித்துக்கொண்டு கிடந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். உடம்பெல்லாம் எலும்புத் தகடு, முதுகில் பாய்மரம் மாதிரி பெரிய செட்டை, மேலெல்லாம் கறுப்புப் பின்னல். வாய் முன்னால் இல்லை, அடியில் இருந்தது. 32 வருடத்தில் முதன்முறையாக அண்ணாச்சி என்னை மீசையை எண்ணச் சொல்லவில்லை.

மகனுக்குப் படம் அனுப்பினேன். இந்தத் தடவை ஈரச் சாக்கு, தீப்பெட்டி, எல்லாம் முறையாக. உடனே பதில் வந்தது: டேங்க் கிளீனர், கண்ணாடித் தொட்டியில் பாசி தின்ன விடுவது, வளர்ந்ததும் யாரோ ஆற்றிலோ குளத்திலோ கொண்டுபோய் விட்டிருப்பார்கள், திரும்ப ஆற்றில் விடாதீர்கள், பெருகிவிடும்.

“என்னவாம்? சிலோன் மீனா வே?”

“இல்ல அண்ணாச்சி. தென் அமெரிக்கா.”

“அங்கயும் சண்டையா?”

நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டிருக்கிறார். பிறகு இலை அறுக்கிற கத்தியை எடுத்து அதன் முதுகில் வைத்து அழுத்தினார். கத்தி சறுக்கியது. தண்ணீரை விட்டு எடுத்து அரைமணி ஆகியிருந்தது, மீன் அப்போதும் வாயை மெல்ல அசைத்துக்கொண்டுதான் இருந்தது.